விரல்குழி வைத்த கத்தி

பத்திரன் இரண்டு மடக்குக் கத்திகளைக் குருவின் முன்னால் வைத்தார். இரண்டும் அவரே செய்தவை. ஒன்றில் அலகு பிடியிலிருந்து நேராகக் கிளம்பியது. மற்றதில், பிடியை ஒட்டி அலகின் அடியில் அரைவட்டமாக ஒரு பள்ளம். ஆள்காட்டி விரலை முன்னால் நகர்த்தி அதில் வைத்துக்கொள்ளலாம்.

“தாயி, மடக்குக் கத்திக்கு விரல்குழி வேணுமா, வேண்டாமா?”

குரு இரண்டையும் விரித்துப் பார்த்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பத்திரனுக்கு ஐம்பத்தாறு. பத்திரன் குருவை ‘தாயி’ என்பார், குரு அவரை ‘அண்ணே’ என்பார்.

எனக்குக் கேள்வியைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. மனம் அடங்க மலையேறி எங்கள் மடத்துக்கு வந்த மனிதர் ஒரு மாதமாக அரத்தை வைத்துக்கொண்டு இரும்பை ராவுகிறார். அந்தச் சத்தத்தில் பல் கூசிப் பாதிச் சோற்றில் எழுந்து போயிருக்கிறேன். ஆனால் அவர் எதை அறுக்கக் கத்தி செய்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

பத்திரன் தேனெடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். பாறை முகட்டிலிருந்து கொடிக்கயிற்றில் ஒருவன் இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். வேறு யாரையும் நம்பமாட்டார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை அவன் விட்டுவிடமாட்டான் என்பது கணக்கு. கயிற்றில் இருப்பவன் வாய் திறந்து பேசக் கூடாது, தேனீ கலைந்துவிடும். மூன்று முறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு பத்திரனின் தங்கை மருதியின் புருஷன் நஞ்சன் அப்படி இறங்கினான். மூன்று முறை இழுத்தான். பத்திரன் தூக்கினார். கயிறு மட்டும் வந்தது. இடுப்பு முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. கீழே பள்ளத்தில் ஏழு நாள் தேடினார்கள், ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால், கயிறு பிடித்தவன்தான் அந்தக் கயிற்றை அறுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவரை போனவன் செத்தவன் இல்லை, தேனுக்குப் போனவன். வீட்டில் யாரும் அழக் கூடாது. பத்திரன் கயிற்றை மறுபடி பள்ளத்துக்குள் இறக்கி மரத்தில் கட்டினார். அறுக்கவில்லை. முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எங்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு மழைக்காலம் நனைந்தும் அந்தக் கயிறு மக்கவில்லை.

“மருதி என்ன சொல்லுது?” என்றார் குரு.

பத்திரன் தலையைக் குனிந்துகொண்டார். “மத்தியானம் அவனுக்குச் சோறு வைப்பா இல்லீங்களா, அது இப்ப பொழுது சாயறதுக்குள்ள தீர்ந்துபோகுதாம். நாயும் இல்ல, காக்காயும் இல்ல. தட்டு தொடச்ச மாதிரி இருக்குதாம். அவரு வாராரு, நான்தான் பாக்க மாட்டேங்கிறேன்னு சொல்றா. இன்னிக்குக் கயித்துல தானே இறங்கப் போறேன்னு சொல்லியனுப்பியிருக்கா.”

“அதான் இன்னிக்கே கத்தியப் பத்திக் கேக்கறீங்களா?”

“ஆமா தாயி. இந்த வெறுங்கத்தியால மொதல்ல முயற்சி பண்ணினேன். பாதியில மடங்கி விரல அறுத்துருச்சு.” தழும்பைக் காட்டினார். “குழி இருந்தா மடங்கினாலும் விரலுக்கு ஆபத்தில்ல. அலகுக்கு நெருக்கமாப் பிடிக்கலாம், கை நடுங்காது. ஆனா குழி வச்சா கயிறு வழுக்கிப் போயி அதுக்குள்ள உக்காந்துக்குது. அறுபட மாட்டேங்குது.”

“அப்புறம்?”

“குழியப் பெரிசாக்கினேன்.”

“அதுலயும் உக்காந்துச்சா?”

“அதுலயும்.”

குரு அலகை விரலால் அளந்தார். குழி போக, கூர் இரண்டு விரற்கடைகூட மிச்சமில்லை. “வாங்க,” என்று எழுந்தார். நானும் பின்னால் போனேன்.

மத்தியானம்தான். ஆனாலும் முகட்டில் வெயில் இல்லை. பள்ளம் முழுக்க மஞ்சு, வெள்ளைப் புகைபோல மூடியிருந்தது. வழியில் குரு ஒரு பிரண்டைக்கொடியைக் காட்டி அறுக்கச் சொன்னார். பத்திரன் விரலைக் குழியில் வைத்து, ஒரே இழுப்பில் அறுத்து, தோலையும் காகிதம் போலச் சீவிக் காட்டினார். அத்தனை சுத்தமான கைவேலையை நான் பார்த்ததில்லை.

மருதி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். சேலையை வரிந்து கட்டி, மரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கயிறு விறைப்பாக இருந்தது. கீழே ஒரு பாரம் தொங்குவதுபோல.

“அண்ணே, நீ தூக்கவும் மாட்டே, விடவும் மாட்டே. நான் எத்தன நாளைக்கு அழாம இருக்கிறது? போயிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“எறங்காதே மருதி. இப்ப அறுத்துடறேன்.”

அப்போது கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

காற்று இல்லை. ஒரு இலைகூட ஆடவில்லை.

மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “மச்சான்.”

கேட்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கேட்டேன். மருதி கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். “கயித்துல இருக்கறப்ப அவரு பேச மாட்டாரே,” என்றாள். அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

பத்திரன் முட்டிபோட்டுக் கத்தியைக் கயிற்றில் வைத்தார். இழுத்தார். கயிறு அலகில் வழுக்கிக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் குழிக்குள் போனது.

“பாருங்க தாயி. அவன் விட மாட்டேங்கிறான்.”

குரு குனிந்து பார்த்தார். “பிரண்டைய அறுக்கறப்ப விரல் எங்க இருந்துச்சு?”

“குழியில.”

“இப்ப எங்க இருக்கு?”

பத்திரன் தன் கையைப் பார்த்தார். விரல் பின்னால், பிடியில் இருந்தது. குழி காலியாக இருந்தது.

“வைங்க.”

“வச்சா கயித்துல படும், தாயி.”

“படும்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்றார் குரு.

அவர் பத்திரனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மெல்ல முன்னால் கொண்டுபோய்க் குழியில் பதித்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

விரல் கயிற்றைத் தொட்டதும் பத்திரனின் முகம் மாறியது. கண் விரிந்தது. கயிறு மூன்று முறை இழுபட்டது. அவர் விரலை எடுக்கவில்லை. குழியில் விரல் இருந்ததால், கயிறு போக வேறு இடம் இல்லாமல் கூரின்மேல் நின்றது.

“நஞ்சா,” என்றார் மெதுவாக. பிறகு கத்தியை இழுத்தார்.

புரி ஒவ்வொன்றாக விட்டது. கடைசிப் புரி போனதும் கயிறு சரசரவென்று முகட்டைத் தாண்டி ஓடியது. அது விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். எந்தச் சத்தமும் வரவில்லை.

மருதி அழுதாள். இரண்டு வருடத்து அழுகை அது. அண்ணனின் முதுகில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள். அவர் அசையாமல் வாங்கிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அரத்தின் சத்தத்துக்காக அவரை மனசுக்குள் திட்டியதை நினைத்து வெட்கப்பட்டேன்.

இறங்கும்போது மருதியை நான் கைபிடித்துக் கூட்டிவந்தேன். பத்திரன் குருவின் பக்கத்தில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டார்.

“தாயி, விரல வச்சப்ப ஒண்ணு தெரிஞ்சுது.”

குருவும் நின்றார்.

“கயித்துக்குள்ள துடிச்சுது. நம்ம மணிக்கட்டுல துடிக்குமே, அப்படி. சூடாவும் இருந்துச்சு.” அவர் அந்த விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். “குழி இல்லாத கத்தியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாமலே அறுத்திருப்பேன்.”

“தெரியாம அறுக்கக் கூடாதுல்ல, அண்ணே,” என்றார் குரு. “அதுக்குத்தான் குழி.”