மூன்றாவது விசில்

குக்கர் கம்பெனி முதலாளி தணிகாசலம் பத்திரிகை ஆபீசுக்குள் தாம்தூமென்று குதித்துக்கொண்டு வந்தார். விற்ற குக்கர்களைத் திரும்பப் பெறுவதாக மறுநாள் வரவிருந்த அறிவிப்பில் ‘வெடிக்கும்’ என்று இருந்ததாம்.

“‘மூடி லேசா எழும்பும்’னு மாத்தும்மா. இல்லேன்னா உன் வேலை போயிடும்!”

பிழைதிருத்தும் பூங்கோதை தலையாட்டினாள். “மாத்திடலாங்க ஐயா. ஆனா சரிபார்க்காம நாங்க எதையும் அச்சுல ஏத்தறதில்லை. கேன்டீன்ல குக்கர் அடுப்புல இருக்கு. மூணு விசில் வர்றவரைக்கும் பக்கத்துல நின்னு, மூடி எப்படி எழும்புதுன்னு சொல்லுங்க.”

முதல் விசிலுக்கே முதலாளிக்கு வியர்த்தது. இரண்டாவது விசிலுக்குத் தெருவில் நின்றார்.

“அணைச்சுத் தொலைம்மா, வெடிச்சிடும்!”

அடுப்பிலிருந்தது வேறு கம்பெனி குக்கர். அவர் நின்று பார்த்தால்தானே!

மறுநாள் அறிவிப்பில் ‘வெடிக்கும்’ அப்படியே இருந்தது, சொன்னவர் பெயரோடு.