வாசலில் நின்ற கால்கள்

நீலியம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் சீடர்களில் ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுபோய், குனிந்து, தம் கையாலேயே அவருடைய கால்களைக் கழுவிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்தவர் படி ஏறலாம். அன்றைக்கு முறை சிற்றம்பலத்துடையது.

சிற்றம்பலம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட இருபது வயது மூத்தவர். கால், பாதம், விரல் என்று வரும் பேச்சு வழக்குகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தார். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. கேட்டுக் கேட்டு அம்மையின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலையிலும் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒற்றைக் காலில் நிற்பது தவசிகளிடமிருந்து வந்ததாம்; வரம் கிடைக்கும்வரை அப்படித்தான் நின்றார்களாம். சரி என்றாள் அம்மை. காலை வாரிவிடுவது மல்லர்களிடமிருந்து வந்திருக்குமாம். அதற்கும் சரி என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்துவிட்டது.

"வாத்தியாரே, வாசல்ல ஒருத்தர் விடிஞ்சதுல இருந்து நிக்கிறார். பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யாரு?"

"என் தம்பி. வைரவன்."

சிற்றம்பலம் தலையைத் தூக்காமலே மீதியைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பதவி அவருக்கு வரவிருந்த நேரத்தில், நிர்வாகக் குழுவில் இருந்த இந்தத் தம்பி இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"காலை வாரினவன் அம்மா. அவன் காலை நான் கழுவணுமா?"

வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா என்றும் கேட்டார். முடியாது என்றாள் அம்மை. அண்ணனைப் பார்க்காமல் மத்தியான பஸ்ஸில் திரும்ப நேர்ந்தால், இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று வைரவன் மடத்துச் சமையல்காரரிடம் சொல்லியிருந்தான். அதையும் சொன்னாள்.

சிற்றம்பலத்தின் பேனா நின்றது. கண் ஒரு தரம் வாசல் பக்கம் போய்வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இத்தனை படித்தவருக்கு இத்தனை வீம்பா என்று அம்மைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்துபோய்த் தொட்டியில் செம்பை முக்கி, கொண்டுவந்து அவர் நோட்டின் மேலேயே வைத்தாள். எழுத்தெல்லாம் நனைந்தது.

அவர் குரல் இறங்கிப்போய், இன்னும் ஒன்றே ஒன்றுதான் என்றார்.

"கால் கடுக்க நிக்கிறதுன்னு சொல்றாங்களே அம்மா. அது எங்கிருந்து வந்திருக்கும்?"

"உங்க ஊர்ல இருந்து," என்றாள் அம்மை. "முதல் பஸ்ல வந்துச்சு. மத்தியான பஸ்ல போயிடும்."