கடைசிப் பந்தி

அரசரின் வைத்திய சபையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் ஊர் ஊராகப் பேர் பெற்றவர்கள். எட்டாவதாக உலகம்மையைச் சேர்த்தார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

பத்தாம் நாளே அவள் தன் ஆசானைத் தேடி வந்துவிட்டாள். ஆசான் அவளைவிட இரண்டு வயது இளையவர். முற்றத்தில் உட்கார்ந்து வேர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இனி அந்தச் சபைக்குப் போகமாட்டேன்" என்றாள்.

"என்ன நடந்தது?"

"கோயில் சத்திரத்தில் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாரமாக வாந்தி. மூன்று பேர் இறந்துவிட்டார்கள். பருவம் மாறுகிறது, அதனால் வரும் நோய் என்கிறார்கள். சாப்பாட்டில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். சிரிக்கிறார்கள், ஆசானே!"

"யார் சிரித்தது?"

"முதலில் கூத்தர். அவரைப் பார்த்து நக்கனார். பிறகு வரிசையாக எல்லோரும். தலைமை வைத்தியர் பூதனார் சிரிக்கவில்லை, கொட்டாவி விட்டார். 'நாங்களும்தான் தினமும் அங்கே சாப்பிடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்றார். சத்திரம் அவருடைய பாட்டனார் கட்டியது. அந்தத் திமிர்."

"இறந்த மூன்று பேர் பெயர் என்ன?"

"விசாரிக்கவில்லை" என்றாள்.

ஆசான் கையிலிருந்த வேரைத் தரையில் அடித்தார்.

"சிரித்தவன் பெயர் தெரிகிறது. கொட்டாவி விட்டவனுடைய பாட்டன் கதை தெரிகிறது. செத்தவர்கள் யாரென்று தெரியாது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். வெளியே போ!"

உலகம்மைக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே சத்திரத்துக்குப் பின்னாலிருந்த தெருவுக்குப் போனாள். நான்கு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். படுத்துக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். ஐந்தாம் நாள் சபையில் எழுந்து நின்றாள்.

"இறந்தவர்கள் விறகு சுமக்கும் கொற்றி, அவளுடைய எட்டு வயது மகள் நாச்சி, கண் தெரியாத சேந்தன். மூவரும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்கள். வாந்தி எடுத்துப் பிழைத்த முப்பத்தொரு பேரும் கடைசிப் பந்திதான். எல்லோரும் மோர் குடித்திருக்கிறார்கள். அதே பந்தியில் மோர் வேண்டாம் என்ற ஆறு பேருக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் முதல் பந்தி."

யாரும் சிரிக்கவில்லை. கூத்தர் மட்டும் கேட்டார்.

"முதல் பந்திக்கு நல்ல மோர், கடைசிப் பந்திக்கு விஷமாகிவிடுமோ? எப்படி?"

"தெரியாது."

"தெரியாமலா சபையில் பேச வந்தாய்?"

"தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். மீதியைச் சமையல்கட்டில்தான் பார்க்க வேண்டும். என்னை உள்ளே விடவில்லை. தலைமை வைத்தியர் வந்தால் விடுவார்கள்." அவள் பூதனார் பக்கம் திரும்பினாள். "இன்றைக்கும் கடைசிப் பந்தி உண்டு, ஐயா."

பூதனார் மேல்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மோர் ஊற்றிவைக்கும் பித்தளை அண்டாவின் உள்ளே பூசிய ஈயம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. காலையில் ஊற்றிய மோர் கடைசிப் பந்திக்காக அதிலேயே நின்று புளித்துக்கொண்டிருந்தது. பூதனார் முழங்கை வரை கையை விட்டு அடியைத் தடவினார். விரல்களில் பச்சையாக விஷக் களிம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அண்டாவின் விளிம்பில் அவருடைய பாட்டனார் பெயர் வெட்டியிருந்தது. காலால் உதைத்து அதைக் கவிழ்த்தார்.

மறுநாள் சபையில் அவளுக்குத் தன் பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

ஒரு வருடம் போயிற்று. ஒருநாள் முற்பகலில் உலகம்மை ஆசான் வீட்டுக்குள் படபடவென்று நுழைந்தாள்.

"ஏழு பேரும் மடையர்கள், ஆசானே!"

"இப்போது என்ன?"

"காலையில் ஒரு வணிகரைத் தூக்கி வந்தார்கள். கால் வீக்கம். நான் நாடிகூடப் பார்க்காமல் மருந்து சொல்லிவிட்டேன். தவறான மருந்து. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவராவது மறுக்க வேண்டாமா? உலகம்மை சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம். ஏழு தலையும் ஆடுகிறது!"

"தவறு என்று அவர்களிடம் சொன்னாயா?"

அவள் குரல் தணிந்தது.

"மருந்து அரைப்பவனைத் தனியாகக் கூப்பிட்டு மாற்றச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். யாருக்கும் தெரியாது."

"சபையில் சொல்ல என்ன தடை?"

"நாடி பார்க்காமல் சொன்னேன் என்று அந்தக் கூத்தர் முன்னால் எப்படிச் சொல்வேன்? இந்தப் பெயரைச் சேர்க்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?"

ஆசானின் முகம் சிவந்தது. எழுந்து வாசலுக்குப் போனார். அவள் கழற்றி விட்டிருந்த செருப்பைத் தன் கையாலேயே எடுத்து வந்து அவள் காலடியில் போட்டார்.

"பெயரைச் சேர்த்தாய் அல்லவா? மருந்து அரைத்து முடிப்பதற்குள் சபையில் போய் அதைச் செலவழி."