கரையாத்தி தேடும் மாமரம்

அந்தக் காலத்தில், அதாவது மரம் மட்டை, பூச்சி பொட்டு எல்லாம் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், கரையானுக்குக் கண் இருந்தது. கறுகறுவென்று நல்ல கண். சிறகும் இருந்தது. இன்றைக்கு மாதிரி வெளுத்துப்போய் மண்ணுக்குள் ஒளிந்து கிடக்கவில்லை. பட்டப்பகலில் முற்றத்தில் நடந்து போகும், எதிரே யார் வந்தாலும் நின்று நலம் விசாரிக்கும். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் எழுந்து போகலாம், நான் தடுக்கவில்லை.

பேராச்சி, உச்சிமாகாளி என்று ஒரு பெண்டாட்டி புருஷன். அவர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாமரம் நின்றது. அந்த மரத்தில்தான் கரையாத்தி குடியிருந்தாள். இன்றைய கரையான்களுக்கெல்லாம் மூத்த தாய் அவள்தான். மரத்தின் மேல்பட்டை காய்ந்து செத்துப்போனால் மரத்துக்கு அரிப்பெடுக்கும். சொறிந்துகொள்ள மரத்துக்குக் கையா இருக்கிறது? கரையாத்திதான் மேலும் கீழும் நடந்து செத்த பட்டையைத் தின்று எடுத்துவிடுவாள். பச்சை மரத்தில் அவள் பல் பட்டதே கிடையாது.

"இன்னும் கொஞ்சம் மேல, கரையாத்தி. ஆங், அங்கதான்" என்று மரம் சொக்கிப்போய்ச் சொல்லும்.

"உனக்கு முதுகு தேச்சே என் வாய் தேஞ்சு போச்சு" என்று இவள் அலுத்துக்கொள்வாள். எல்லாம் பொய் அலுப்பு. அந்த மரத்தை விட்டு அரை நாள் இருக்க மாட்டாள், அப்படி ஒரு பிரியம்.

ஆடி மாதம் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் தங்கச்சி ஆள் அனுப்பினாள், முட்டையிடப் போகிறேன், துணைக்கு வா என்று. கூடப்பிறந்தவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

"மழைக்கு முன்ன வந்துருவேன்" என்றாள் கரையாத்தி.

"வராம இருந்துராத. எனக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றது மரம்.

போனவள் போனவள்தான். கரையான் முட்டை என்ன ஒன்றா இரண்டா? பார்த்து முடிக்க ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போய்விட்டது.

இங்கே பேராச்சி வீட்டு வாசலுக்குக் கதவு கிடையாது. ஒரு ஓலைத் தட்டிதான் தொங்கிக்கொண்டிருந்தது. போன மழைக்குச் சாரலடித்து, பெற்ற பிள்ளை நனைந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தது. இந்த மழைக்கு முன்னால் கதவு போட்டே தீர வேண்டும். பக்கத்தில் பலகை அறுக்கிற அளவுக்கு இருந்தது அந்த மாமரம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் மரத்தைக் கேட்காமல் கோடாலியைத் தூக்க முடியாது. உச்சிமாகாளி போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

மரம் எல்லாம் கேட்டது. "பிள்ளைக்காகன்னா சரி. ஆனா கரையாத்தி வரட்டும். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்" என்றது.

மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. பேராச்சி முன்னால் வந்தாள். "நான் சொல்லுதேன். அவ வந்ததும் நானே கதவுகிட்டக் கூட்டிட்டு வாரேன். இது என் பிள்ளை மேல சத்தியம்" என்றாள்.

மரம் அதை நம்பிச் சாய்ந்தது.

நிலையும் கதவும் ஆயிற்று. கல் தேடப் பொறுமை இல்லாமல் உச்சிமாகாளி நிலைக்காலை வெறும் மண்ணிலேயே நட்டுவிட்டான். மறுநாள் மழை கொட்டியது. மழை வெறித்ததும் பறந்து வந்தாள் கரையாத்தி. வந்து பார்த்தால் மரம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டைதான் நிற்கிறது.

"யக்கா! என் மரம் எங்கக்கா?"

பேராச்சி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு பயம் வந்தது. இவள் செத்த மரத்தைத் தின்கிறவள் ஆச்சே. வெட்டின மரம் முழுக்கச் செத்த மரம்தானே! கதவைக் காட்டினால் மிச்சம் வைப்பாளா? பிள்ளை வேறு உள்ளே தூங்குகிறது.

"காத்துல சாஞ்சுட்டுட்டி. வெள்ளத்தோட போயிருச்சு. இனிமே இல்ல" என்றாள்.

அந்த ஒரு பொய்தான். அன்றைக்குக் கையைப் பிடித்துக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தால், கண்ணாரப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, அழுதுவிட்டுப் போயிருப்பாள். என்ன செய்ய, பயம் வந்தால் சத்தியமெல்லாம் மறந்துபோகிறது.

கரையாத்தி ஈர வானத்தில் எவ்வி எவ்விப் பறந்தாள். ஓடை நெடுகப் பார்த்தாள். எங்கேயாவது அந்தப் பச்சைத் தலை தெரியாதா என்று ஒரு பொழுது முழுக்கச் சுற்றினாள். தெரியவில்லை. இறங்கி வந்து, இனிப் பறந்து யாரைப் பார்க்க என்று சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டாள். முதல் மழைக்கு ஈசல் கிளம்பி, கொஞ்ச நேரம் பறந்துவிட்டுச் சிறகை உதிர்க்கிறதே, அது அவள் பிள்ளைகள் செய்கிற காரியம்.

பிறகு அந்தக் கட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுதாள், அழுதாள், கண் இரண்டும் அவிந்து போகும்வரை அழுதாள். வெயில் படாமல் கிடந்து உடம்பும் வெளுத்துவிட்டது.

ஒருநாள் காலை அவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கிறீச். ஈரக் காற்றில் பேராச்சி வீட்டுக் கதவு முனகியது. கரையாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, அது என் மரத்தின் குரல் அல்லவா!

இனிப் பேராச்சியைக் கேட்பாளா? மாட்டாள். நேரே போகலாம் என்றால் முற்றம் நெடுகக் கோழி மேய்கிறது, இவளுக்குக் கண்ணும் இல்லை. மண்ணை எச்சிலில் குழைத்து, தலைக்கு மேல் கூரை போட்டுக்கொண்டே, விரல் பருமனுக்கு ஒரு பாதை கட்டினாள். தரையோடு வந்து, சுவரோடு ஏறி, மண்ணில் நட்ட நிலைக்காலைப் பிடித்துவிட்டாள். கண்ணில்லாதவள் எப்படி அடையாளம் பார்ப்பாள்? ஒரு வாய் கடித்தாள். அதே மாமரம்.

"நீதானா?"

"நான்தான். ஏன் இவ்வளவு நாளு?" என்றது மரம்.

"கண்ணு போச்சு எனக்கு. வாயில வச்சாத்தான் நீன்னு தெரியுது. இன்னும் ஒரு தடவை பார்த்துக்கிடட்டா?"

"பார்த்துக்க."

பேசினாள், கடித்தாள். விட்ட கதையெல்லாம் பேசினாள், மறுபடி கடித்தாள். நாளாக ஆக மரத்தின் பதில் சன்னமாகிக்கொண்டே போனது. உள்ளே தள்ளிப் போய்விட்டது போலிருக்கிறது என்று இவளும் உள்ளே உள்ளே போனாள்.

கார்த்திகை பிறந்தது. கதவைத் திறந்த பேராச்சிக்கு விரல் பலகைக்குள் இறங்கிவிட்டது. திடுக்கிட்டு நிலையைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று வெறும் கூடு. மேலே பெயிண்ட் அடித்த மாதிரி மெல்லிசாக ஒரு தோல்தான் மிச்சம். கீழே குனிந்தால் சுவரோடு மண்கோடு. விளக்குமாற்றுக் கட்டையால் உடைத்தாள். உள்ளே கரையாத்தி, வெள்ளை வெளேரென்று.

"அடிப்பாவி! முழுசாத் தின்னுட்டியேட்டி!"

"தின்னேனா? பேசிக்கிட்டுல்லாக்கா இருந்தேன்" என்றாள் கரையாத்தி. "இப்பக்கூட கூப்பிட்டேன். கொஞ்ச நேரமாச் சத்தத்தைக் காணோம். நீ கூப்பிட்டுப் பாரேன்."

பேராச்சி கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அது இல்லட்டி இனிமே. நிசமாவே இல்ல" என்று அழுதாள்.

"நீ முதல்லயும் இல்லன்னுதானக்கா சொன்ன?" என்றாள் கரையாத்தி.

 கரையாத்தி திரும்பி, அடுத்த வீட்டுப் பக்கம் மண்ணைக் குழைக்க ஆரம்பித்துவிட்டாள்.

பேராச்சி புது நிலையைக் கல்லின் மேல் நிறுத்தினாள். விறகைச் சுவரில் சாய்க்காமல் தள்ளி அடுக்கினாள். முற்றத்தில் சருகு, சுள்ளி தங்க விடவில்லை. மண்கோடு ஏறினால் உடைத்து, வேப்பம் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் "இங்க இல்லட்டி, போயிரு" என்று சொல்வாள். அவள் பேச்சைக் கரையான் கேட்டதே இல்லை.

அன்று தொட்டுத்தான் கரையான் கண் தெரியாமல், மண்ணால் மூடிய பாதையிலேயே வீடு வீடாக வருகிறது. எந்த மரம் வாயில் பட்டாலும் அதைக் கடித்துக் கடித்து, பதில் நின்றுபோகும் வரைக்கும், நீதானா நீதானா என்று கேட்கிறது.