பச்சை இஞ்சினில் ஒரு பெருவிரல் கறை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இந்தக் கதையில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் பொக்கை வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்த நிமிஷமே விழட்டும். விழுந்ததா? இல்லையே! அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், ஏழுகுகை நாடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்தக் காலத்தில் ஏது ரயில் என்று கேட்பீர்கள். இருந்தது. நான்தான் சொல்கிறேனே!

ஏழு மலை, ஏழு குகை, ஒரே தண்டவாளம். அதில் பழ வண்டி போகும், உப்பு வண்டி போகும், ஜனங்கள் ஏறுகிற பச்சை வண்டி போகும். ஒரு நாள் பழ வண்டி ஏழாவது குகைக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. அடுத்த மாதம் உப்பு வண்டி நுழைந்தது. அதுவும் வரவில்லை. அதற்கும் அடுத்த மாதம் பச்சை வண்டி நுழைந்தது. இருபத்தெட்டுப் பயணிகள், ஒரு கார்டு, இரண்டு ஆட்டுக்குட்டிகள், டிரைவர் மாசிலாமணி, அத்தனை பேரோடும் போன வண்டி போனதுதான்.

ராஜாவுக்குக் குகைக்குள் போய்த் தேடப் பயம். பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். அதனால் தண்டோரா போட்டார்.

"இதனால் சகலமானவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்! பழ வண்டி, உப்பு வண்டி, பச்சை வண்டி என்று இந்த நாட்டில் எதுவும் ஓடியதே இல்லை! ஓடியது என்று யார் சொன்னாலும், பாடினாலும், எழுதினாலும் உதட்டுக்குப் பூட்டு! டும் டும் டும்!"

பூட்டு என்றால் நிஜப் பூட்டு. இரும்புப் பூட்டு. ஒரே வாரத்தில் பாதி ஊர் உதட்டில் பூட்டோடு பப்பாளித் தண்டால் கஞ்சியை உறிஞ்சிக் கொண்டிருந்தது.

டிரைவர் மாசிலாமணியின் மனைவி பூங்காவனம். ஸ்டேஷனுக்குப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் தைத்துக் கொடுப்பவள். தண்டோராவைக் கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த கொடியைக் கீழே போட்டாள். 'ஓடவே இல்லையென்றால் என் புருஷன் எதில் போனார்? பூசணிக்காயிலா?' வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிறகு யோசித்தாள். சொல்லக் கூடாது, பாடக் கூடாது, எழுதக் கூடாது. செய்யக் கூடாது என்று தண்டோராவில் இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு தகர டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

அங்கே யாரும் புழங்காத பார்சல் அறைக்குள் ஒரு குட்டி நாடே இருந்தது. நாலு கட்டில் அகலப் பலகை. காகிதக் கூழில் ஏழு மலை. பச்சைச் சாயம் போட்ட மரத்தூளில் புல். தீக்குச்சிக் கட்டைகளின் மேல் குடைக்கம்பித் தண்டவாளம், இரட்டைப் பாதை. தச்சர் சூசையும் தகர வேலை மஸ்தானும் பூங்காவனமும் பத்து வருஷமாக ஞாயிறுதோறும் கூடிக் கட்டியது. வாரம் முழுக்க அவரவர் வீட்டில் செய்ததை அன்றைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள், ஓட்டுவார்கள், சண்டை போடுவார்கள்.

"இந்த வாரம் என்ன பாய்?" என்றார் சூசை.

"தண்ணி டாங்கி வண்டி. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செஞ்சேன். நீங்க?"

"பிளாட்பாரம். தேக்கு!"

"கோணலா இருக்கு."

"உங்க கண்ணுதான் கோணல்!"

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம். தன் வண்டிக்குத் தானே எண்ணெய் விடக் கூடாது. சூசை வண்டிக்கு மஸ்தான், மஸ்தான் வண்டிக்குப் பூங்காவனம், அவள் வண்டிக்குச் சூசை. தான் செய்த சக்கரம் கோணல் என்று தனக்குத் தெரியாது. அடுத்தவர் கையில் எடுத்து எண்ணெய் விடும்போதுதான் தெரியும்.

பூங்காவனம் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு சாண் நீளப் பச்சை இஞ்சின்.

மஸ்தான் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "தங்கச்சி, இது ஓடவே ஓடாத வண்டியாச்சே."

"ஆமா பாய். ஓடாத வண்டிதான். சூசையண்ணே, கொஞ்சம் எண்ணெய் விடுங்க, ஓட்டிப் பாப்போம்."

சூசை சிரித்தார். எண்ணெய் விட்டார். கடிகார ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டதும் அது கடகடவென்று ஏழாவது குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை," என்றாள்.

அப்போது வாசலில் கைதட்டும் சத்தம். ஒரு நெட்டை மனிதன். தூசி படாத அங்கி, கைகளில் வெள்ளைக் கையுறை, கக்கத்தில் ஒரு பளிங்குப் பெட்டி. அவன்தான் பளிங்குமாயன், மந்திரவாதி. அது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

"பொம்மை வண்டி! அடடா, பசை வழிகிறது. பிரஷ் மயிர் ஒட்டியிருக்கிறது. இங்கே பாருங்கள், வண்டி என்றால் இதுதான்!"

பெட்டியைப் பலகையில் வைத்தான். உள்ளே மூன்று வண்டிகள். பழ வண்டி, உப்பு வண்டி, பச்சை வண்டி. ஒட்டுத் தெரியவில்லை, கோடு தெரியவில்லை, ஒரு புள்ளிக் குற்றம் இல்லை.

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். பச்சை இஞ்சின் ஜன்னலில் புளிய இலை அளவுக்கு ஒரு துண்டு தொங்கியது. சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. அதன் ஓரத்தில் நெருப்புப் பொறி பட்டுக் கிழிந்த இடத்தில் நீல நூல் தையல். அது புருஷனின் துண்டில் அவள் போட்ட தையல். வீட்டில் சிவப்பு நூல் தீர்ந்துபோன அன்றைக்குப் போட்டது. அவளைத் தவிர எந்தக் கைக்கும் தெரியாதது.

நிமிர்ந்தாள். "இது நீ செஞ்சது இல்ல. பிடிச்சது."

மந்திரவாதி கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஆமாம், பிடித்தேன். ஓடுகிற வண்டி அழுக்காகிறது, தேய்கிறது, தாமதமாகிறது. என் பெட்டியில் என்றென்றும் புதிதாக இருக்கும். நீங்கள் செய்கிற குப்பையைப் போலவா?"

"குப்பையா?" பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இந்தக் குப்பையை உன் வண்டின்னு உன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். சொல்லிட்டா மூணு வண்டியையும் பழையபடி விட்ருவியா?"

"மூன்று ஞாயிறு தருகிறேன். ஒவ்வொரு தோல்விக்கும் உங்களில் ஒருவர் பொம்மை. நான் தோற்றால் வண்டிகள் பெரிதாகும், நான் சிறிதாவேன். என் பளிங்கின் மேல் ஆணை!"

"எங்க தண்டவாளத்துல ஏறுற வண்டிக்கு எங்க சட்டம். உன் வண்டிக்கு நான் எண்ணெய் விடுவேன், என் வண்டிக்கு நீ."

"எண்ணெயா? என் கை அழுக்காகாது. இரண்டுக்கும் நீயே விட்டுக்கொள்."

முதல் ஞாயிறு. இரட்டைப் பாதைக்கு முன்னால் மஸ்தானின் லுங்கியைத் திரையாகக் கட்டினார்கள். ஒரு பாதையில் அவனுடைய பச்சை வண்டி, மறு பாதையில் அவளுடையது; எது தன்னுடையது என்று அவன் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் பூங்காவனம், மந்திரவாதி பிடித்துவைத்திருந்த வண்டியைக் கையில் எடுத்து எண்ணெய் விட்டாள். உள்ளேயிருந்து கொசு மாதிரி ஒரு குரல் வந்தது.

"பூங்காவனம்! டீ இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜன்னலில் புளியங்கொட்டை உயரத்தில் மாசிலாமணி!

"என்னைத் தூக்கிட்டு ஓடிடேன்," என்றான்.

"தூக்கிட்டு ஓடினா கடைசி வரைக்கும் இதே உயரத்துல இருப்பீங்க. உங்களுக்குச் சட்டை தச்சே என் கண்ணு போயிடும். சும்மா இருங்க."

திரை விலகியது. மந்திரவாதி ஒரு பார்வைதான் பார்த்தான். "பார்த்தேன், சிரித்தேன், கண்டுபிடித்தேன்! இதில் பிரஷ் மயிர், அதுதான் என்னுடையது." ஒரு சொடுக்கு. சூசை சுருங்கிப் பிளாட்பாரத்தில் பொம்மையாக நின்றார்.

இரண்டாம் ஞாயிறு. ஒரு மயிர் இல்லாமல் வண்ணம் பூசிக்கொண்டு வந்தாள். "பார்த்தேன், சிரித்தேன், கண்டுபிடித்தேன்! இதில் பெருவிரல் பட்ட வஜ்ஜிரப் பசைக் கறை!" ஒரு சொடுக்கு. மஸ்தானும் சுருங்கிச் சூசைக்குப் பக்கத்தில் நின்றார்.

பூங்காவனம் தனியாக உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு அவளும் பொம்மை. மாசிலாமணிக்கு விடுதலையே கிடையாது. பிளாட்பாரத்திலிருந்து குட்டிக் குரல்கள் கேட்டன.

"பாய், நீங்க சொன்னது சரி. பிளாட்பாரம் கோணல்தான். மேலே நின்னாத்தான் தெரியுது."

"நான் ரெண்டு வாரமா சொல்றேன்!"

"தங்கச்சி," என்று கத்தினார் சூசை, "அவன் இஞ்சினைப் பாக்கவே இல்லம்மா. சக்கரம் எத்தனைன்னு கேட்டாக் கூட அவனுக்குத் தெரியாது. கறையை மட்டும்தான் தேடுறான்!"

பூங்காவனம் சட்டென்று எழுந்தாள். 'கறைதானே வேணும் அவனுக்கு? கறையே கிடைக்கட்டும்!'

மூன்றாம் ஞாயிறு. மந்திரவாதி முதுகைக் காட்டி நின்றான். திரைக்குப் பின்னால் பூங்காவனம் ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கையில் சூடான வஜ்ஜிரம். தன் வண்டியின் புகைபோக்கிக்குள் ஒரு துளி நெருப்பும் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் போட்டாள். பிறகு புருஷனின் வண்டியை எடுத்தாள்.

"அடுப்பை அணைங்க. எல்லாரும் மரம் மாதிரி உக்காருங்க."

"ஆட்டுக்குட்டி?"

"வாயைப் பொத்துங்க! ஆட்டோட வாயை!"

பெருவிரலை வஜ்ஜிரத்தில் முக்கினாள். மாசிலாமணி அலறினான். "ஏய், ஏய்! என் இஞ்சின்லயா? காலையிலதான் துடைச்சேன்!"

"துடைச்சது போதும்," என்று பளபளக்கிற பச்சை மேல் நச்சென்று ஒரு அமுக்கு அமுக்கினாள். போதாதென்று ஒரு பிரஷ் மயிரையும் ஒட்டினாள்.

திரை விலகியது. ஒரு வண்டி கமகமவென்று புகை விட்டது. இன்னொன்று கறையோடு செத்துக் கிடந்தது. மந்திரவாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பார்த்தேன், சிரித்தேன், கண்டுபிடித்தேன்! போன வாரத்துப் பெருவிரல் கறையை இன்னும் துடைக்கத் தெரியவில்லையே, பெண்ணே! புகை விடுகிறதே, இதுதான் என் வண்டி!"

"நிச்சயமா?"

"நிச்சயம்!"

"மூணு தடவை சொல்லு."

"என் வண்டி, என் வண்டி, என் வண்டி!" பெருமையோடு எடுத்து முகர்ந்தான். சாம்பிராணி மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தும்மலில் தகரக் கூரை கழன்று உள்ளேயிருந்த கடிகார ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளி அவன் மூக்கிலேயே அடித்தது.

"அது நான் செஞ்ச குப்பை," என்றாள் பூங்காவனம்.

பளிங்குப் பெட்டி படீரென்று வெடித்தது. சூசை வளர்ந்தார், மஸ்தான் வளர்ந்தார், வண்டிகள் வளர்ந்தன. பழ வண்டி வாசலைப் பெயர்த்துக்கொண்டு போனது. உப்பு வண்டி ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போனது. பச்சை வண்டி சுவரையே பெயர்த்துக்கொண்டு வெளித் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் பெருவிரல் கறையும் கூடவே வளர்ந்து, இஞ்சின் விலாவில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ரேகை ரேகையாக நின்றது. மந்திரவாதியோ புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிப் பலகையில் கிடந்தான்.

சத்தம் கேட்டு ராஜா ஓடிவந்தார். பின்னால் பூட்டுக் கூடையோடு ஒரு சேவகன். ராஜா தண்டவாளத்தின் நடுவில் நின்று இடுப்பில் கைவைத்தார்.

"இப்படியொரு வண்டி ஓடியதே இல்லை! ஓடவும் ஓடாது!"

பூங்காவனம் இஞ்சினில் ஏறி, தான் தைத்த பச்சைக் கொடியை எடுத்தாள். "சரிங்க மகாராஜா. ஓடாத வண்டி யாரையும் இடிக்காது. அங்கேயே நில்லுங்க. ஏங்க, வண்டியை எடுங்க!"

கூ! ராஜா முறைத்தார். கூ! ராஜாவுக்கு வியர்த்தது. கூ! சக்கரம் அசைந்தது. ராஜா கிரீடத்தை அள்ளிக்கொண்டு ஒரே தாவலாகத் தாவி, "வண்டி ஓடுதுடா! ஒதுங்குங்கடா!" என்று ஊரே கேட்கக் கத்தினார்.

சேவகன் கடமை தவறாதவன். ஆணை ஆணைதான். ஓடிப்போய் ராஜாவின் உதட்டில் 'டக்'கென்று ஒரு பூட்டைப் போட்டான். பிறகு, ராஜாவே சொன்னது இனிமேல் எப்படிக் குற்றமாகும் என்று குழம்பிப்போய், மற்ற எல்லாருடைய பூட்டையும் திறந்துவிட்டான். அவசரத்தில் ராஜாவின் சாவியை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டான்.

அந்தக் கறையைத் துடைக்க மாசிலாமணி சோடா உப்பு போட்டுப் பார்த்தான், சாம்பல் போட்டுப் பார்த்தான். பூங்காவனம் கொடிக்கம்பால் கையில் ஒன்று போட்டதும் விட்டுவிட்டான். ஏழு குகையையும் தாண்டி இன்றைக்கும் அந்த வண்டி கறையோடுதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் அறையில் குட்டி வண்டிகளும் ஓடுகின்றன. எல்லா வண்டிக்கும் எண்ணெய் விடுவது பளிங்குமாயன்தான், எள்ளளவு கிண்ணத்தோடு, முழங்கை வரை கறுப்பாக. சூசை பிளாட்பாரத்தை மூன்று தடவை நிமிர்த்தினார். மஸ்தான் இன்னும் கோணல் என்கிறார்.

இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சந்தையில் சொல்லுங்கள், அரண்மனை வாசலிலேயே நின்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சேவகன் கூடையில் இன்னும் ஒரு பூட்டு மிச்சம் இருக்கிறதாம். இந்த இரண்டு பல்லை வைத்துக்கொண்டு நான் பப்பாளித் தண்டில் கஞ்சி குடிக்க முடியாது.