நேர்ந்துகொண்ட சர்க்கரைப் பொங்கல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்த பெண்ணை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். மடத்துக்குள் ஓர் அம்மன் சன்னிதி. அதன் சமையல்கட்டு ஆவுடையம்மாளின் பொறுப்பு. வயதில் அவள் அம்மையைவிட மூத்தவள். ஆனாலும் அம்மையின் சிஷ்யை. அம்மை அவளை அக்கா என்பாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை ஆவுடையம்மாள் மறுநாள் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், நிறுத்துவாள், எதையோ பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். அம்மை வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்ன யோசனை அக்கா?"

அதற்கென்றே காத்திருந்ததுபோல் எல்லாம் வெளியே வந்தது.

அவள் கணவர் குற்றாலலிங்கத்துக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். இப்போது கால் சுண்டுவிரலில் புண். செருப்பு கடித்திருக்கிறது; கடித்தது அவருக்கே தெரியவில்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்து இவள்தான் கண்டுபிடித்தாள். மாதக் கடைசியில் மறுபடி வரும்போது சர்க்கரை இறங்கியிருக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அவர் கண் விழிக்கும் முன்னே டார்ச் அடித்து விரலைப் பார்க்கிறாள். சில நாள் கறுத்துவிட்டதுபோல் இருக்கிறது. சில நாள் அது நிழல்.

சாப்பாடு எப்படி என்று அம்மை கேட்டாள்.

அதில் தன்மேல் குறை சொல்ல முடியாது என்றாள் ஆவுடையம்மாள். அவருக்கென்று தனி அடுப்பில் கம்பு, கீரை, பாகற்காய். உப்புக்கூட அளந்துதான். சீனி டப்பா பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. அவரும் ஒரு சொல் சொல்வதில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார். பிறகு வெளியே போய் இனிப்பைத் தின்றுவிடுகிறார்.

"வெளியேன்னா எங்கே?"

ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கதான் அம்மை."

நோய் தெரிந்த அன்றே அவள் அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். அவருக்குச் சர்க்கரை இறங்க வேண்டும்; அதற்காக வெள்ளிதோறும் சர்க்கரைப் பொங்கல் படைக்கிறேன் என்று. ஒரு வெள்ளி தவறியதில்லை. குற்றாலலிங்கமும் ஒரு வெள்ளி தவறியதில்லை. வரிசையில் வந்து ஒரு தொன்னை வாங்குவார். வரிசையின் கடைசியில் மறுபடி வந்து நிற்பார். இவள் முறைத்தால் அவரிடம் பதில் தயாராக இருந்தது: எனக்காக நேர்ந்ததை நானே சாப்பிடாமல் இருக்கலாமா, பிரசாதத்தில் ஏது சர்க்கரை?

அம்மை சிரித்துவிட்டாள். ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னா கேப்பாக. பொங்கலுக்குக் கை நீட்டாதியன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பொங்கலை நிறுத்திரலாமே அக்கா."

"நேர்ந்தது அம்மை. நிறுத்திட்டா அந்த விரலை யாரு காப்பாத்துவா?"

அம்மை உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். உடைந்த வெல்லத்தை ஒரு கிண்ணத்தில் அள்ளினாள்.

"இன்னைக்கு மத்தியானம் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"எனக்கென்ன அம்மை, எனக்கு ஒரு நோயும் இல்லையே. அவுக எழுந்து போனப்புறம் அடுக்களையில இருந்து சாப்பிடுவேன். சோறு, வத்தக்குழம்பு, ரெண்டு அப்பளம்."

"அப்பளம் பொரிக்கிற வாசனை அவருக்குத் தெரியாதா?"

"கதவைச் சாத்திக்கிடுவேன்."

மறுநாள் காலை ஆவுடையம்மாள் வந்தபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அம்மை வெண்கலப் பானைமுன் உட்கார்ந்திருந்தாள். பானைக்குள் பாசிப்பயறு. பக்கத்தில் இஞ்சி, கறிவேப்பிலை, துருவிய தேங்காய். வெல்லக் கிண்ணத்தைக் காணவில்லை.

"அம்மை, பொங்கல்?"

"இன்னைக்கு நான் சமைக்கேன்."

நேர்ந்தது தவறுகிறதே என்று ஆவுடையம்மாளுக்குப் பயம். குரு சமைப்பதை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. படைக்கும்போது அம்மன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் விளக்கையே பார்த்தாள். காற்றில் சுடர் ஒரு முறை படுத்து எழுந்தது. அவள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. முதலில் நின்ற பூக்காரம்மா தொன்னைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அம்மை, அம்மனுக்கும் சர்க்கரை வந்துட்டா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. குற்றாலலிங்கம் மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்கும்" என்று சொல்லி அம்மை அவள் தொன்னையை நிரப்பினாள்.

குற்றாலலிங்கத்தின் முறை வந்தது. தன் தொன்னையைப் பார்த்தார். முன்னால் போனவரின் தொன்னையைப் பார்த்தார். திரும்பி, பின்னால் நின்றவருக்கு விழுவதையும் பார்த்தார். எல்லாம் ஒரே பயறு. தூண் ஓரம் போய் உட்கார்ந்தார். கடைசியில் அம்மையும் ஒரு தொன்னை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ பேசினார்கள். ஆற்றில் தண்ணீர் வந்திருப்பதைப் பற்றி இருக்கலாம்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு எழுந்து, காலைச் சற்றுச் சாய்த்து வைத்து, இன்னொரு தொன்னைக்கு வந்தார். ஆவுடையம்மாளின் கண்கள் பழக்கத்தில் அவர் கைக்குப் போயின. தடுக்க ஒன்றும் இல்லை. அந்தக் கண்களை அப்புறம் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் கிணற்றடியில் பானையைக் கழுவினாள். அம்மை தண்ணீர் இறைத்து ஊற்றினாள். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆவுடையம்மாள் மெல்லக் கேட்டாள்.

"நேர்ந்ததைச் செய்யாம விட்டாச்சே. அம்மன் கோவிச்சுக்கிட மாட்டாளா அம்மை?"

அம்மை வாளியைக் கீழே வைத்தாள்.

"அவளும் ஒரு வீட்டுக்காரிதானே அக்கா. வீட்டுல ஒருத்தருக்கு ஆகாததை, அவ மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிடுவாளா?"

ஆவுடையம்மாள் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.