விரலை எடுத்தால் இன்னொரு சாப்பாடு

பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனியில் தவசிமுத்து, ஆதிமூலம், கிறிஸ்துதாஸ் என்று மூன்று பேர் செல்போன் ஆப்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் மூளை புத்தம்புதிது. அதிகம் உபயோகித்ததில்லை.

தவசிமுத்து செய்த ஆப்பில்தான் கோமதிநாயகம் மெஸ்ஸுக்கு மதியச் சாப்பாடு ஆர்டர் போகும். ஒரு பெட்டி திறந்து, 'எத்தனை சாப்பாடு?' என்று கேட்கும். எண்ணைப் போட்டு என்டர் பட்டனை அழுத்த வேண்டியதுதான். ஒருநாள் காலையில் கோமதிநாயகம் போனில் கத்தினார்.

"ஒண்ணு கேட்டவன் வீட்டுக்கு ரெண்டு போகுது! இன்னைக்கும் இப்படின்னா உங்க ஆப்பே வேண்டாம்!"

தவசிமுத்து ஆப்பைக் காட்ட மேனேஜரிடம் ஓடினான். மேனேஜர் செண்பகவல்லி பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"பட்டனை அழுத்தும்போது ஒரு தகவல் வரும், விரலை எடுக்கும்போது இன்னொண்ணு வரும். நீங்க ரெண்டுக்கும் ஆர்டர் போட்டிருக்கீங்க. விரலை எடுத்து ஆர்டர் போகக்கூடாது. கவனிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டார்.

"விரலை எடுத்து ஆர்டர் போகக்கூடாதாம்," என்றான் தவசிமுத்து.

"அப்ப விரலை எடுக்கக்கூடாதுங்காங்க," என்றான் ஆதிமூலம்.

"எவ்வளவு நேரத்துக்குவே?" என்று கேட்டான் கிறிஸ்துதாஸ்.

"அதை மேடம் சொல்லலை. சொல்லாததை நாம செய்யக்கூடாது," என்றான் ஆதிமூலம்.

பெட்டிக்குள் ஒரு வரி சேர்த்தார்கள்: 'அழுத்திய விரலை எடுக்காதீர்கள்.' ஊர்க்காரர்கள் சொல்பேச்சு கேட்பவர்கள். அன்று மதியம் ஒரு பஸ் கண்டக்டர் பல்லால் டிக்கெட் கிழித்தார். ஒரு வாத்தியார் போர்டை முழங்கையால் அழித்தார்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்றுதான் போனது. கோமதிநாயகம் போனில் வாழ்த்தினார். தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தங்களுக்கும் மூன்று சாப்பாடு ஆர்டர் போட்டு, கட்டைவிரலை அப்படியே வைத்திருந்தான். கேரியர்கள் வந்தன. ஆதிமூலம் ஊட்டிவிட்டான். ரசத்தில் மிளகு தூக்கல்.

"தும்மல் வருதுவே, விரலைப் பிடிங்க!"

பிடிப்பதற்குள் தவசிமுத்து தும்மிவிட்டான். விரல் எழும்பியது. சற்று நேரத்தில் இன்னும் மூன்று கேரியர்கள் வந்து இறங்கின. கொண்டுவந்த மெஸ்காரர் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"திருப்பி அனுப்பணுமே," என்று கலங்கினான் தவசிமுத்து.

ஆதிமூலம் யோசித்தான். "அழுத்திட்டு எடுத்தா வருது. அப்ப தலைகீழாச் செஞ்சா போயிரும். முதல்ல எடு, அப்புறம் அழுத்து."

"விரல் ஏற்கெனவே வெளியதானே இருக்கு?"

"பாதி வேலை முடிஞ்சிட்டுவே!"

தவசிமுத்து அழுத்தமாக அழுத்தினான். மெஸ்காரர் மறுபடி வந்தார், கையில் மூன்று கேரியர்களோடு.

"பாத்தியா! எடுத்துட்டுப் போக ஆள் வந்துட்டார். கேரியரும் கொண்டாந்திருக்கார்," என்றான் கிறிஸ்துதாஸ்.

ஆதிமூலம் ஒன்றைத் திறந்து பார்த்தான். முகம் வாடியது. "இதுல சாப்பாடு இருக்கேவே. காலியா இருந்தாத்தானே அந்தச் சாப்பாட்டை இதுல மாத்தி அனுப்ப முடியும்?"

மெஸ்காரரை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கேரியர்களைக் காலி செய்ய மூவரும் மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்கள். தவசிமுத்து வாயை மட்டும் திறந்தான். விரலை எடுக்கவில்லை.